படிக்க முடியாத படங்கள்: அரவிந்த், கூகுள், அம்மாவின் வலது கண்

இந்தக் குறிப்பு நாலு மாசமா டிராஃப்டில் கிடக்குது. மூணு ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி எழுத ஆரம்பிச்சது, நடுவில் அம்மா கண் விஷயம் வந்து சேர்ந்ததால் நின்னுபோச்சு. இப்போ இரண்டையும் பிரிச்சு எழுத முடியாதுன்னு தெரிஞ்சதால் சேர்த்தே எழுதறேன். நான் கண் மருத்துவர் இல்லை. பி.இ. படிச்சு இருபது வருஷத்துக்கு மேல் சாப்ட்வேர் வேலை பார்க்கிற ஆள். பொழுது கிடைக்கும்போது ஆய்வுக் கட்டுரைகளைப் படிச்சுக் குறிப்பெடுப்பேன், அவ்வளவுதான். மருத்துவத்தில் நான் எங்காவது வழுக்கியிருந்தால் தெரிஞ்சவங்க திருத்துங்க.

'மனிதரை மையமாகக் கொண்ட' என்கிற சொல் இப்போ எல்லா கம்பெனி ஸ்லைடிலும் இருக்கு. எங்கள் ஆபீஸ் சுவரிலும் ஒட்டியிருக்கு. பெரும்பாலும் அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கிடையாது, ஆள் குறைக்கிற மீட்டிங்குக்கு முந்தின ஸ்லைடில் வரும். ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே பொருந்துகிற ஒரு அமைப்பைச் சொல்லுன்னா எனக்கு முதலில் ஞாபகம் வருவது அரவிந்த் கண் மருத்துவமனை. உலகத்திலேயே செயற்கை நுண்ணறிவு மருத்துவத்துக்குள் முதலில் நுழைந்த இடங்களில் ஒன்றும் அதுதான். அதனால்தான் இந்தக் கட்டுரைகளை எடுத்தேன்.

அதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர்.

போன வருஷம் எங்க ஊர் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச சர்க்கரை முகாம் நடந்துச்சு. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு, பதினஞ்சு வருஷமா சர்க்கரை. பக்கத்து வீட்டு அக்காகூட போனாங்க. ரத்தம் எடுத்தாங்க, பிரஷர் பார்த்தாங்க, கடைசியா ஒரு மேசையில் கேமரா வெச்சுக் கண்ணைப் போட்டோ எடுத்தாங்க. கையில் ஒரு பிரிண்ட் கொடுத்தாங்க. முழுக்க இங்கிலீஷ். இடது கண்ணுக்கு நேராக 'நோய் அறிகுறி இல்லை' என்ற அர்த்தத்தில் ஒரு வரி, வலது கண்ணுக்கு நேராக 'தரம் பிரிக்க முடியவில்லை, மேற்பரிசோதனை தேவை' என்ற அர்த்தத்தில் ஒரு வரி. கீழே பொடி எழுத்தில், இது ஏஐ மூலம் தயாரிக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு.

அம்மா அதைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினாங்க. நான் அப்போ ஒரு கிளையன்ட் காலில் இருந்தேன். முதல் வரியை மட்டும் பார்த்துட்டு கட்டைவிரல் போட்டேன்.

ஏழு மாசம் கழிச்சுப் பஸ் நம்பர் தெரியலைன்னு சொன்னாங்க. துடியலூர் போற பஸ்ஸுன்னு நெனச்சு வேற பஸ்ஸில் ஏறி இருக்காங்க. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதில் வலது விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கு என்றார்கள். ஊசி ஆரம்பிச்சாச்சு. போனதில் கொஞ்சம் திரும்பி வரலாம், இருக்கிறதைக் காப்பாத்தணும் என்றார் டாக்டர். "அந்த முகாம்ல ஏம்மா ஒண்ணும் கேக்கல?" என்றேன். "அந்தப் புள்ள போட்டோ புடிச்சுச்சு, காயிதம் குடுத்துச்சு, அடுத்த ஆளு வாங்கன்னுச்சு. கேக்கறதுக்கு அங்க ஆரு கண்ணு இருந்தா? அதான் உனக்கு அனுப்பினனே."

இதுக்குப் பதில் இல்லை. கட்டைவிரல் போட்டது எந்த அல்காரிதமும் இல்லை.

சரி, அரவிந்துக்கு வருவோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கினார். இளவயதிலேயே முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி ஆயிரக்கணக்கில் அறுவைசிகிச்சை செய்தவர். கோவை அவினாசி ரோட்டு மருத்துவமனை 1997-ல் வந்தது. இந்தக் கதையைப் புகழ்ந்து நிறைய வந்தாச்சு. 1993-லேயே ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் கஸ்தூரி ரங்கன் எழுதிய கேஸ் ஸ்டடி, 2004-ல் சி.கே. பிரகலாத் புத்தகம், 2011-ல் பவித்ரா மேத்தாவும் சுசித்ரா ஷெனாயும் எழுதிய 'இன்ஃபினிட் விஷன்'. எல்லாவற்றிலும் 'கருணை' என்கிற சொல் தாராளமாக வரும்.

எனக்கு அதில் சுவாரசியமான பகுதி வேறு. வெங்கடசாமியை ஈர்த்த நிறுவனங்களில் ஒன்று மெக்டொனால்ட்ஸ். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி பர்கர், ஒரே வேகம், ஒரே தரம். கண்புரை அறுவையை அப்படிச் செய்ய முடியாதா என்று கேட்டவர் அவர். அரவிந்தின் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. ஒன்றில் முடிச்சுத் திரும்பினால் அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். அதாவது இந்த மனிதநேய அமைப்பு உள்ளுக்குள்ளே ஒரு ஃபாக்டரி லைன். பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்தவனுக்கு இது ஒண்ணும் அதிர்ச்சி இல்லை. எல்.எம்.டபிள்யூ. சங்கு சத்தத்தில் எழுந்த ஊர் எங்களோடது. அப்பா மில்லில் டாஃபராகச் சேர்ந்து சைடராக ஓய்வு பெற்றவர். நிறைஞ்ச பாபினை எடுத்துட்டு காலி பாபின் மாட்டுற டாஃபர் வேலையை ஆட்டோ டாஃபிங் வந்து முழுங்கினதைப் பார்த்தவர். மெஷின் வந்தால் மனுசத்தன்மை போயிடும்னு புலம்புற கட்டுரை இது இல்லை. எங்க வீட்டில் அந்தப் புலம்பல் செல்லாது.

ஆனா அரவிந்தின் லைனில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பெண் நிற்பார். கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்து வரும் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துக் கண் அளப்பது, சொட்டு மருந்து விடுவது, தியேட்டரில் உதவுவது, ஆலோசனை சொல்வது என்று பிரிச்சுக் கொடுக்கிறார்கள். ஊழியர்களில் பெரும்பகுதி இவங்கதான். டாக்டர் செய்ய வேண்டியதை மட்டும் டாக்டர் செய்வார், மத்தது எல்லாம் இவர்கள். இதில் ஆலோசகர் என்று தனியாக ஒரு பொறுப்பு உண்டு. ஆபரேஷன்னா என்ன, எத்தனை நாள், எவ்வளவு செலவு, யாரைக் கூட்டி வரணும் என்பதை நோயாளியின் பேச்சிலேயே சொல்வது அவர் வேலை. புகழ்நூல்கள் வெங்கடசாமியின் விரல்களைப் பற்றிப் பக்கம் பக்கமா எழுதும், இந்தப் பெண்களின் சம்பளம், வேலை நேரம், மேலே போக வழி இருக்கா என்பது பற்றி ரொம்பக் குறைச்சலா எழுதும். இதை அந்த நூல்களின் பெரிய குறையாகவே பார்க்கிறேன். அதே குறை இப்போ ஏஐ கட்டுரைகளிலும் தொடருது.

முதல் கட்டுரை 2016 டிசம்பரில் ஜாமா இதழில் வந்தது. கூகுளின் வருண் குல்ஷன், லில்லி பெங் குழு எழுதியது. சர்க்கரையால் வரும் விழித்திரை நோயைக் கண் படத்திலிருந்து கண்டுபிடிக்கிற டீப் லேர்னிங் மாடல். 1,28,175 படங்களில் பயிற்சி. படங்கள் அமெரிக்காவின் ஐபேக்ஸ் என்ற தொகுப்பிலிருந்தும், இந்தியாவின் அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று மருத்துவமனைகளிலிருந்தும். நம்ம ஊர்க் கண்களும் அதில் இருக்கு. ஒவ்வொரு படத்தையும் மூன்றிலிருந்து ஏழு தடவை, மொத்தம் 54 கண் மருத்துவர்கள் பார்த்துத் தரம் போட்டார்கள். பெரும்பான்மை என்ன சொல்லுதோ அதுதான் 'உண்மை'.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். எங்கள் தொழிலில் இதைச் சாதாரணமாகக் கடந்து போயிடுவோம். மாடல் கண்ணைப் படிக்கவில்லை. கண்ணைப் பற்றி மருத்துவர்கள் போட்ட ஓட்டைப் படிக்குது. ஒரே படத்துக்கு ஏழு பேர் ஏழு மாதிரி சொல்லக்கூடிய துறை இது, அதனால்தான் ஏழு பேரைக் கேட்கிறார்கள். மெஷினின் திறமை என்று நாம் கொண்டாடுவது அந்த 54 பேருடைய பழைய தீர்ப்புகளின் சாறு.

முடிவு பிரமாதமான எண். ரெண்டு சோதனைத் தொகுப்பிலும் வளைவுக்குக் கீழுள்ள பரப்பு 0.991, 0.990. ஒண்ணு வந்தா பூரண மதிப்பெண், அப்படின்னா புரியும். செய்தித்தாள்கள் இந்த எண்ணைத்தான் தூக்கிக்கொண்டு ஓடின. ஆனால் ஐபேக்ஸ் சோதனைத் தொகுப்பில் இருந்தது 9963 படங்கள். 0.991 என்ற எண் அதில் முழுமையாகப் படிக்கத்தக்கதாக இருந்த 8788 படங்களுக்கு உரியது. நூத்துக்குப் பன்னிரண்டு கிட்ட ஒதுங்கி நிற்குது. கட்டுரை இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்லுது. படிக்க முடியாத படத்தையும் மேற்பரிசோதனைக்கு அனுப்பணும் என்ற கணக்கிலும் தனியா ஒரு சோதனை செஞ்சிருக்கு. குறை அங்கே இல்லை. தலைப்பில் ஏறுகிற எண் எது, ஏறாத எண் எது என்பதுதான் என் கேள்வி. அம்மாவின் வலது கண் 0.991-க்குள் வராது. அது அந்த ஒதுங்கின பன்னிரண்டில் ஒண்ணு.

இரண்டாவது, 2019-ல் ஜாமா ஆப்தல்மாலஜியில் வந்தது. இந்தத் தடவை லேப் தொகுப்பு இல்லை. அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் நேரில் வந்த 3049 நோயாளிகள். அரவிந்தில் நோய் உள்ளவர்களில் 88.9 சதவீதம் பேரை மெஷின் பிடித்தது, சங்கர நேத்ராலயாவில் 92.1. அதே படங்களைப் பார்த்த மனிதர்கள் 73.4-லிருந்து 89.8 வரை. மெஷின் மனிதர்களுக்குச் சமம் அல்லது கொஞ்சம் மேல். இதை நான் ஏத்துக்கறேன். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. அத்தனை பேரையும் வருஷத்துக்கு ஒருதரம் விழித்திரை நிபுணரிடம் உட்கார வைக்க ஏழு ஜென்மத்திலும் முடியாது. மெஷின் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்குக்கு ஒரு விடை வெச்சிருக்கணும்.

2025-ல் இன்னொரு கட்டுரை வந்தது, ஜாமா நெட்வொர்க் ஓப்பனில். தமிழ்நாட்டில் 45 மையங்களில் இந்த மாடல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த பிறகு எப்படி வேலை செய்யுது என்ற கணக்கு. பார்த்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேரின் படங்களை நிபுணர்கள் மறுபடி பார்த்துச் சரி தவறு போட்டார்கள். முற்றிய நோயைப் பிடிப்பதில் 97 சதவீதம். ஒரு இன்ஜினியராக இந்தக் கட்டுரைமேல் எனக்கு மரியாதை அதிகம். மாடலை ஓட விட்ட பிறகு உட்கார்ந்து கவனிக்கிற பழக்கம் எங்கள் துறையில் கிடையாது. புரொடக்ஷன் போனதும் பார்ட்டி, அடுத்த புராஜெக்ட். அந்த 1 சதவீதம் மறுபார்வை சலிப்பான, காசு செலவாகிற, யாரும் கைதட்டாத வேலை. செஞ்சிருக்காங்க.

ஆனால் இதிலும் அளப்பது படத்தைத்தான். படம் பார்த்து 'போங்க' என்று சொல்லப்பட்டவர் போனாரா, போனவருக்குச் சிகிச்சை கிடைத்ததா, ஒரு வருஷம் கழிச்சுப் பஸ் நம்பர் தெரியுதா என்பதை அளக்கிறது இல்லை. அது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லைன்னு சொல்லலாம், நியாயம்தான். யாருடைய நோக்கம் என்று திருப்பிக் கேட்பேன்.

அந்தக் கேள்விக்குக் கிட்டப் போன ஒரே கட்டுரை மூணாவது. 2020-ல் கணினி-மனித உறவு பற்றிய சி.எச்.ஐ. மாநாட்டில் எம்மா பீட் குழு வெளியிட்டது. இதுவும் கூகுள்தான், ஆனா இடம் தாய்லாந்து. பதும் தானி, சியாங் மாய் பகுதிகளில் 11 கிளினிக்குகள். பழைய முறையில் நர்ஸ் படம் எடுத்து நிபுணருக்கு அனுப்பினால் பதில் வர பத்து வாரம்கூட ஆகும். மெஷினில் சில நிமிஷம். கேட்க நன்னாத்தான் இருக்கு. நடந்தது என்னன்னா, முதல் ஆறு மாதத்தில் போட்ட 1838 படங்களில் 21 சதவீதத்தை மெஷின் தரம் போதாது என்று தள்ளிவிட்டது. பல கிளினிக்குகளில் இருட்டு அறை இல்லை. வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கும், படம் மங்கும். லேப்பில் நல்ல படம் பார்த்துப் பழகின மெஷினுக்கு அது செல்லாக் காசு. இன்டர்நெட் மெதுவாக இருந்தது. ஒரு இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றே போனதில் பார்த்த நோயாளிகள் 200-லிருந்து 100 ஆகக் குறைந்தார்கள்.

இதைப் படிச்சப்போ அந்தக் கல்யாண மண்டபம் கண்ணு முன்னாடி வந்தது. ட்யூப் லைட், ஜன்னல் எல்லாம் திறந்து, பட்டப்பகல். அறுபத்தெட்டு வயசுக் கண், அதில் ஆரம்பக் கண்புரை வேற. படம் மங்கலாக வராமல் என்ன செய்யும்?

தாய்லாந்துக் கட்டுரையில் இன்னொரு விஷயம் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். படம் தேறாவிட்டால் விதிப்படி நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அது தூரம். ஒருநாள் கூலி போகும், துணைக்கு ஆள் வேணும். நோய் இருக்குன்னு தெரிஞ்சா பரவாயில்லை, படம் தேறலைங்கிறதுக்காகப் போகணுமா? இதைப் பார்த்த சில நர்ஸ்கள் நோயாளிகளிடம் இந்த ஆய்வில் சேர வேண்டாம் என்றே சொல்லி இருக்கிறார்கள். கட்டுரை எழுதியவர்கள் இதை மறைக்காமல் பதிவு செய்ததுக்கு நன்றி சொல்லணும். ஒரு மேனேஜர் இதைப் படிச்சா 'ஊழியர் ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதுவார். எனக்கு இது அந்தக் கிளினிக்கில் நடந்த மிகத் துல்லியமான மருத்துவத் தீர்ப்பாகத் தெரியுது. நோயாளியின் கண், பஸ் காசு, கூலி, வயசு எல்லாத்தையும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டது அந்த நர்ஸ் மட்டும்தான்.

ஒரே கம்பெனியின் மாடல். ஒரே நோய். தாய்லாந்தில் சறுக்கினது மதுரையில் நின்னுது என்றால் வித்தியாசம் எங்கே? மாடல் பதிப்பு, கேமரா, வருஷம் எல்லாம் மாறியிருக்கு என்பது உண்மை. இருந்தும் என் கணிப்பு, வித்தியாசத்தின் பெரும்பங்கு மெஷின் நுழைவதற்கு முன்னாடியே கட்டப்பட்டது. அரவிந்த் 2004-லிருந்து கிராமங்களில் பார்வை மையங்கள் நடத்துது. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பார்ப்பார், வீடியோவில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பேசுவார். மெஷின் 'போகணும்' என்று சொன்னால் எங்கே போகணும், என்னைக்குப் போகணும்னு தமிழில் சொல்ல ஒரு ஆள் பதினைந்து வருஷமா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கார். எங்க மண்டபத்தில் இருந்தது ஒரு கேமராவும் பிரிண்டரும். மெஷின் ரெண்டு இடத்திலும் சரியாத்தான் வேலை செஞ்சது. 'படிக்க முடியவில்லை, அனுப்பு' என்பது சரியான விடை. அந்த விடையைக் கேட்டுக்க அங்கே அமைப்பு இல்லை.

இந்த இடத்தில்தான் நம்ம அரசின் ஆவணத்தையும் கொஞ்சம் விமர்சிக்கணும். 2020-ல் தமிழ்நாடு அரசு 'பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை' வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் முன்னோடியான முயற்சி, பாராட்டணும். அதில் 'டீப்-மேக்ஸ்' என்று ஒரு மதிப்பெண் அட்டை வருது. பன்மைத்தன்மை, சமத்துவம், அறம், அந்தரங்கம், தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு, தணிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் மாடலுக்கு மார்க். வேறு வேறு ஊர்களிலும் சமூகங்களிலும் ஒரே மாதிரி வேலை செய்யுதா என்பதுக்கும் மார்க் உண்டு, யோசிச்சுத்தான் எழுதியிருக்காங்க. ஆனா மார்க் வாங்குவது சாப்ட்வேர். அதை வாங்கி வைக்கிற துறைக்கு, நடத்துகிற முகாமுக்கு மார்க் கிடையாது. அம்மாவைப் படம் எடுத்த சாப்ட்வேர் இந்த அட்டையில் நல்ல மார்க்கே வாங்கலாம். மண்டபத்தில் ஒரு இருட்டு மூலை, ஒரு தமிழ்த் துண்டுச்சீட்டு, பத்து நாள் கழிச்சு ஒரு போன் கால். இதுக்கு எந்த அட்டையிலும் கட்டம் இல்லை.

அரவிந்தைப் பற்றியும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இது கொஞ்சம் வேற விஷயம், ஆனா விடக்கூடாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஏழைக்குக் கட்டாது. அரவிந்த் என்ன செஞ்சது? 1992-ல் ஆரோலேப் தொடங்கித் தானே செய்ய ஆரம்பிச்சது. சுமார் பத்து டாலருக்கு லென்ஸ் வந்தது, பிறகு இன்னும் இறங்கியது. ஒரு ஆஸ்பத்திரி லென்ஸ் ஃபாக்டரி வைக்கிறது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பைத்தியக்காரத்தனம்தான் உலகம் முழுக்க லென்ஸ் விலையை உடைச்சது. எங்க கோயமுத்தூர்க்காரங்களுக்கு இந்த குணம் நல்லாப் புரியும். இறக்குமதி மோட்டார் பம்பைப் பிரிச்சுப் பார்த்துத் தானே வார்ப்படம் போட்ட ஊர்.

ஏஐ விஷயத்தில் கதை தலைகீழ். படங்களில் ஒரு பங்கு நம்மளது, அந்த நோயாளிகள் நம்ம ஊர்க்காரங்க. மாடல் கூகுளோடது. 2024 அக்டோபரில் கூகுள் ஒரு அறிவிப்பு செய்தது. இந்தியாவில் ஃபோரஸ் ஹெல்த், ஆரோலேப், தாய்லாந்தில் பெர்செப்ட்ரா ஆகியவற்றுக்கு மாடலைக் கொடுத்து, பத்து வருஷத்தில் 60 லட்சம் பரிசோதனைகளை நோயாளிக்குச் செலவில்லாமல் செய்யப் போறாங்க. நல்ல காரியம், மறுக்கலை. ஆனால் லென்ஸைத் தானே வடிச்ச ஆரோலேப் இங்கே அடுத்தவர் மாடலை விநியோகிக்கிற இடத்தில் நிற்குது. லென்ஸை ஒருதடவை வடிச்சாச்சுன்னா அது உன்னோடது. மாடல் அப்படி இல்லை. அடுத்த பதிப்பு எப்போ, எந்தக் கேமராவுக்கு, பதினோராவது வருஷம் என்ன விலை என்பதை எல்லாம் வேற கண்டத்தில் வேற யாரோ முடிவு பண்ணுவாங்க. எங்கள் ஆபீஸில் இலவசமாக் கிடைச்ச கிளவுட் சேவைகளின் அஞ்சாவது வருஷ பில்லைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்றேன்.

சொந்தமா மாடல் செய்யறது லென்ஸ் செய்யறதை விடக் கஷ்டமா? 2016-ல் ஆமா. இன்னைக்கு இந்த அளவு விழித்திரை மாடலுக்குத் தேவையான கணினி சக்தி ஒரு நல்ல இன்ஜினியரிங் காலேஜ் லேபில் இருக்கு. அரிதானது நல்ல படமும் நம்பகமான தீர்ப்பும்தான். அது அரவிந்திடம் மலையாக் குவிஞ்சிருக்கு. அதை வெச்சு நம்மூர்க் கேமராவுக்கு, ட்யூப் லைட்டுக்கு, கண்புரையோடு வருகிற அறுபத்தெட்டு வயசுக்குத் தக்க ஒரு மாடலை வெங்கடசாமி இருந்திருந்தா வடிக்கச் சொல்லியிருப்பாரோ என்னவோ. இறந்தவர் பேரில் ஊகம் செய்வது சரியில்லைதான், விட்டுடறேன்.

இவ்வளவு பேசிட்டு என் வண்டவாளத்தைச் சொல்லாம போனா நல்லா இருக்காது. மூணு வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த இடத்தில், வாடிக்கையாளர் புகார்களைப் படிச்சு எது அவசரம், யாருக்கு அனுப்பணும் என்று பிரிக்கிற மாடல் ஒண்ணு செஞ்சேன். பயிற்சி டேட்டா, அந்த டீமில் இருந்தவர்கள் ஆறு வருஷமாப் பிரிச்சு வெச்ச பழைய டிக்கெட்டுகள். அதில் பாதிக்கு மேல் ஒரு அக்காவோட கைவரிசை. எந்தக் கஸ்டமர் கோவத்தில் கத்தறார், எவர் பயத்தில் கத்தறார்னு அவங்களுக்குத் தெரியும். மாடல் நல்ல மார்க் வாங்கிச்சு. எனக்கு விருது கொடுத்தாங்க. ஒன்பது பேர் டீம் மூணு பேர் ஆச்சு. அக்காவும் போனாங்க. அவங்க தீர்ப்பை எடுத்து அவங்களையே வெளியே அனுப்பற மெஷினைச் செஞ்சது நான்தான். அப்போ அது எனக்கு அப்படித் தோணவே இல்லை. அக்யூரசி எண்ணைத்தான் பார்த்துட்டு இருந்தேன்.

மாடல் தப்புப் பண்ணினா மீதி மூணு பேர் கண்டுபிடிப்பாங்க என்பது திட்டம். முதல் வருஷம் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் மெஷின் சொன்னதே சரின்னு ஓகே பட்டனைத் தட்டப் பழகிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் லான்செட்டின் குடல் மருத்துவ இதழில் போலந்து ஆய்வு ஒண்ணு வந்தது. பெருங்குடல் பரிசோதனையில் ஏஐ உதவியோடு வேலை செய்யப் பழகின அனுபவசாலி மருத்துவர்கள், ஏஐ இல்லாமல் செய்தபோது கட்டிகளைக் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கிச்சு. நாலு மையங்களில், நடந்ததைக் கவனிச்சு எழுதின ஆய்வுதான், அதனால ரொம்ப இழுக்கக்கூடாது. ஆனா எங்க டீமில் நான் பார்த்தது அதேதான். பார்வை மையத்தில் படம் பார்த்துப் பழகின பெண்ணுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு மெஷின் இல்லாத ஒரு நாளில் என்ன தெரியும்? அந்த 1 சதவீத மறுபார்வை செய்ய அடுத்த தலைமுறைக் கண்கள் எங்கே பழகும்? மூணு கட்டுரையிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பாரா இல்லை.

அக்கா இப்போ காரமடையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருக்காங்க. போன மாசம் கல்யாண வீட்டில் பார்த்தேன். நல்லாத்தான் பேசினாங்க. "உங்க மெஷின் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாங்க. ஓடுது அக்கா என்றேன். நான் அந்த கம்பெனியில் இப்போ இல்லைங்கிறதை அவங்ககிட்ட ஏனோ சொல்லலை.

அம்மாவுக்கு அடுத்த ஊசி வர்ற வியாழன். அந்த ஆஸ்பத்திரியிலும் இப்போ கேமரா பக்கத்தில் ஒரு ஸ்கிரீன் இருக்கு, படம் எடுத்த உடனே பச்சை அல்லது சிவப்பு காட்டுது. போன தடவை வலது கண்ணுக்கு மறுபடியும் படம் தேறலை. அங்கே இருந்த பொண்ணு ஸ்கிரீனைப் பார்த்துட்டு லைட்டை அணைச்சுட்டு, "ஆத்தா, அஞ்சு நிமிசம் கண்ணை மூடிட்டு உக்காருங்க, மறுபடி எடுக்கலாம்" என்றாள். மூணாவது தடவை வந்துச்சு.